குறையற்ற தாய் வேண்டுமா?

ஒவ்வோராண்டும் கோடை விடுமுறை கழிந்து பள்ளிக்கூடங்கள் திறக்கும்போது நம் இல்லங்களில் ஒரு புதிய கவலையும் உடன் தோன்றுகின்றது. ஆறு வயது நிரம்பிய குழந்தை முதல் வகுப்பில் சேர்கின்றது. குழந்தையோடு தாயும் சேர்ந்து படிக்கத் தொடங்குகின்றாள் என்றே கூறவேண்டும். சீருடையில் சுருக்கம் இருத்தலாகாது; காலணியில் தூசி படிதலாகாது; குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் காணலாகாது; உணவுப் பெட்டியைத் திறந்தால் பிற குழந்தைகள் பார்த்து வியக்கவேண்டும். இவ்வாறு ஒரு நீண்ட பட்டியலைத் தாய் தன்மேல் சுமத்திக்கொள்கின்றாள். அப்பட்டியலில் ஒன்று தவறினும், தான் தாயாக இருக்கத் தகுதியற்றவள் என்று தன்னையே நொந்துகொள்கின்றாள்.

தாய் குறையற்றவளாக இருத்தல் கடமையா? அவ்வாறு இருக்க முயல்வதால் குழந்தைக்கு நன்மை விளைகின்றதா? அம்முயற்சியை விட்டுவிடுதல் பொறுப்பை விட்டுவிடுதலாகுமா? இம்மூன்று வினாக்களை வாசகர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றோம். இவை அடுக்களைக்குரிய சிறு விஷயங்கள் என்று ஆண்மக்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. ஓர் உயிர் தன்னைத் தானே எவ்வாறு மதிக்கவேண்டும் என்னும் பெரிய வினா இவற்றினுள்ளே அடங்கியிருக்கின்றது.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அங்கே சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு பெங்களூரைச் சார்ந்ததாயிற்று. மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் விடியற்காலையில் ஏறி, பெங்களூரில் ஆடைத் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ வேலை செய்து, இருட்டிய பின் வீடு திரும்பும் தாய்மார்கள் அங்கே உளர். அத்தகைய தாய் ஒருத்தியின் மகள் முதல் வகுப்பில் சேர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். தாய் நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, சீருடைக்குப் பெட்டி போட்டு, தலைக்கு எண்ணெய் தடவிப் பின்னிவிடுவதற்குள் ரயிலுக்கு நேரமாகின்றது. இரவில் திரும்பியதும் அவள் முதலில் பார்ப்பது மகளின் முகத்தையா? அன்று, குறிப்பேட்டையே பார்க்கின்றாள். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் எழுதுவது ஆங்கிலமும் கன்னடமும். கன்னட எழுத்து கோட்டுக்கு வெளியே வழிந்திருக்கின்றது. பக்கம் கிழிக்கப்படுகின்றது. தூக்கம் சொக்கும் குழந்தை மீண்டும் எழுதுகின்றது, அழுகின்றது. குழந்தை உறங்கிய பின் தாயும் அழுகின்றாள். கைப்பேசியில் வகுப்புத் தாய்மார் குழுவிலே வேறொரு வீட்டுக் குழந்தையின் கைவேலைப் பொருள் படமாக வந்திருக்கின்றது. அது பெரியவர் கையால் செய்யப்பட்டது என்பது பார்த்தவுடன் விளங்கும். ஆயினும் அதனைப் பார்த்து இவள் மனம் இன்னும் சுருங்குகின்றது.

இதனை வீண் பெருமை என்று கூறித் தள்ளிவிடுதல் நீதியாகாது. இவ்வச்சத்திற்கு வேர் உண்டு. நம் முன்னோர்க்குப் பள்ளிக்கூடத்தின் வாயிலே மூடப்பட்டிருந்தது. கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கென முதல் இலவசப் பள்ளியைத் திறந்தது 1894-ஆம் ஆண்டில்தான். எழுத்தறிவு நம் குடும்பங்களுள் பலவற்றில் இரண்டு அல்லது மூன்று தலைமுறைச் செல்வமே. சட்டையில் ஒரு கறை இருந்தால் பிறர் வீட்டுக் குழந்தையை, "விளையாடிவிட்டு வந்திருக்கின்றான்" என்பார்கள். நம் வீட்டுக் குழந்தையை, "இவர்கள் இப்படித்தான்" என்பார்கள். இந்த வேறுபாட்டைத் தாய் அறிவாள். அவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது சட்டையின் கறையை மட்டுமன்று. பிறர் தன் பிறப்பின்மேல் பூசிய பழியையும் சேர்த்தே கழுவ முயல்கின்றாள். ஆகலின் அவளை நகைத்தல் தகாது. அவளுடைய முயற்சி நினைத்த பயனைத் தருமா என்று மட்டும் ஆராயவேண்டும்.

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் குறித்து வைத்திருக்கின்றார். 1901-ஆம் ஆண்டில், ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவராக இருந்தபோது, சத்தாராவினின்று தந்தையார் வேலை செய்த ஊருக்கு விடுமுறையில் சென்றார். தமையனாரும் உறவுச் சிறுவரும் உடன் சென்றனர். புதிய சட்டை, அலங்காரத் தொப்பி, புதிய காலணி, பட்டுக்கரை வேட்டி ஆகியவற்றை அணிந்து குழந்தைகள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினர். அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. நிலைய அதிகாரி அவர்களுடைய உடையையும் பேச்சையும் கண்டு உயர்குலத்துப் பிள்ளைகள் என்று கருதி அன்போடு விசாரித்தார். தாங்கள் மகர் குலத்தவர் என்று சிறுவர் கூறிய அளவில் அவர் முகம் மாறிற்று, விலகிச் சென்றார். மாட்டுவண்டிக்காரர்கள் அக்குழந்தைகளை ஏற்றிச்செல்ல மறுத்தனர். இரட்டிப்புக் கூலி தருவதாகவும், வண்டியைச் சிறுவரே ஓட்டுவதாகவும், வண்டிக்காரர் நடந்து வருவதாகவும் ஏற்பாடு செய்த பின்னரே பயணம் நடந்தது. இரவில் வழிநெடுகக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் அக்குழந்தைகளின் உடையில் என்ன குறை இருந்தது? யாதொரு குறையும் இல்லை. குறையற்ற உடை அவர்களுக்கு மதிப்பைப் பெற்றுத் தந்ததா? குலம் தெரியும்வரை தந்தது. தெரிந்த கணமே மறைந்தது. சாதி மனம் கறையைக் கண்டு இகழ்வதில்லை. இகழவேண்டும் என்று முன்னரே முடிவு செய்துவிட்டு, அதற்குக் காரணமாகக் கறையைத் தேடுகின்றது. கறை கிடைக்காவிடில் வேறொன்றைத் தேடும். ஆகவே, எவ்வளவு கழுவினாலும் அம்மனத்தை நிறைவு செய்ய இயலாது. நிறைவு செய்ய இயலாத நீதிபதியின்முன் ஒரு குழந்தையை நாள்தோறும் நிறுத்துவது நியாயமா என்பதே வினா.

இன்னும் ஒரு படி ஆழ்ந்து சிந்திப்போம். கறையற்றிருப்பவரே மதிப்புக்குரியவர், கறை பட்டவர் மதிப்பிழந்தவர் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? தீட்டு என்னும் கோட்பாட்டினின்றே வந்தது. வாயிலின் வழியே நாம் துரத்திய தீட்டு, சன்னல் வழியே குறிப்பேட்டிற்குள் நுழைந்துவிட்டது. கோட்டுக்கு வெளியே வழிந்த எழுத்தைத் தீட்டாகவும், மை படிந்த சட்டையைத் தீட்டாகவும், அவற்றை அனுமதித்த தன்னைத் தீட்டானவளாகவும் தாய் காண்கின்றாள். பெயர் மாறிற்று, நோய் மாறவில்லை. சுநீதர் என்பார் வாடிய பூக்களைக் கூட்டி வாரிச் சுமந்து பிழைத்த எளிய குடியினர். அவர் சுமையை இறக்கி வைத்துவிட்டு வணங்கி நின்றபோது, பகவான் புத்தர், "வருக" என்று அழைத்தே சங்கத்தில் ஏற்றுக்கொண்டார். குளித்துத் தூய ஆடை உடுத்து வருமாறு முதலில் பணிக்கவில்லை. மதிப்பு முன்னே வந்தது. பயிற்சி பின்னே வந்தது. நம் வீடுகளில் இம்முறை தலைகீழாகிவிடலாகாது. குழந்தைக்குரிய மதிப்பு, நன்றாக எழுதிய பின் கொடுக்கும் பரிசாக ஆகிவிடலாகாது.

இனி, குறையின்மையை நாடுவதால் குழந்தைக்கு என்ன விளைகின்றது என்று காண்போம். மனிதருடைய மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. கடைசி எலும்பு இறுகத் தொடங்குவதற்கே ஏறத்தாழ ஒன்பது முதல் பன்னிரண்டு வயதாகின்றது. ஆறு வயதுக் கை இன்னும் கட்டி முடியாத வீடு. பாற்பல் விழுந்து, சொல் சரியாக வாயில் நில்லாத வயது அது. அந்தக் கையிடம் அச்செழுத்தை எதிர்பார்ப்பது, நாற்றங்காலில் நின்று நெற்கதிரைக் கேட்பதை ஒக்கும்.

உடலைக் காட்டிலும் மனத்திற்கு விளையும் தீங்கு பெரிது. பிழை செய்தால் தாயின் முகம் மாறும் என்று அறிந்த குழந்தை, பிழையை விடுவதில்லை. அதனை மறைக்கக் கற்றுக்கொள்கின்றது. பென்சில் தொலைந்தால், "பக்கத்துப் பையன் எடுத்துக்கொண்டான்" என்கின்றது. ஆசிரியை குறிப்பெழுதிய தாளைப் பையின் அடியில் ஒளிக்கின்றது. வகுப்பில் விளங்காததைக் கேட்க அஞ்சுகின்றது. கேட்டால் விளங்காதது வெளிப்பட்டுவிடுமே! பொய் கூறலாகாது என்னும் சீலத்தை நாம் நாள்தோறும் குழந்தைகளை ஓதச் செய்கின்றோம். ஆயின், குறையைப் பொறுக்காத வீட்டில் பொய் கூறாமல் ஒரு குழந்தை எவ்வாறு வாழும்? உண்மைக்கு விலை அதிகமாக வைத்தால், எளியவர் பொய்யைத்தான் வாங்குவர். சீலத்தைக் கற்பிக்க விரும்பும் தாய், உண்மையைக் கூறினால் அடியும் வசையும் இல்லை என்னும் நிலையை முதலில் உண்டாக்கவேண்டும்.

சூளபந்தகர் கதையை நம் அன்பர்கள் அறிவர். நான்கு மாதம் முயன்றும் ஒரு செய்யுளை அவரால் மனப்பாடம் செய்ய இயலவில்லை. அவருடைய தமையனாரே அவரைச் சங்கத்தினின்று போகச் சொல்லிவிட்டார். வாயிலில் நின்ற அவரைப் பகவான் அழைத்து, தூய வெள்ளைத் துணி ஒன்றைக் கொடுத்து, அதனைக் கையால் தேய்த்துக்கொண்டே அழுக்கு நீங்குதலை நினைக்குமாறு கூறினார். தேய்க்கத் தேய்க்கத் துணி அழுக்காயிற்று. அவ்வழுக்கைப் பார்த்தே நிலையாமையை உணர்ந்து அவர் தெளிவு பெற்றார். துணி வெண்மையாகவே இருந்திருந்தால் அவருக்குப் பாடம் கிடைத்திராது. தமையனார் தீயவரல்லர்; கற்றவர், தம்பியின் நன்மையை விரும்பியவர். ஆயினும், தம் அளவுகோலுக்குத் தம்பி எட்டவில்லை என்று பொறுமை இழந்தார். நம் தாய்மார்கள் இருவருள் யாருடைய வழியைப் பின்பற்றுவது என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

மேல்நாட்டிலும் இதே முடிவுக்கு வந்தோர் உளர். டொனால்டு வின்னிகாட் என்னும் ஆங்கிலேயர் குழந்தை மருத்துவராகவும் மனநல ஆய்வாளராகவும் விளங்கியவர். அவர் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், போதுமான அளவுக்கு நல்ல தாய் என்னும் கருத்தைக் கூறினார். சிசுப் பருவத்தில் தாய் குழந்தையின் தேவைக்கு ஏறத்தாழ முழுவதும் இசைந்து நிற்கின்றாள். குழந்தை வளர வளர அவ்விசைவு சிறிது சிறிதாகக் குறைகின்றது. அக்குறையைத் தாங்கக் கற்பதனாலேயே குழந்தை உலகை உள்ளபடி அறிகின்றது என்பது அவர் கருத்து. தாய் எங்கும் குறை வைக்காதிருந்தால், குழந்தை தன் காலில் நிற்பதற்கு இடமே இராது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "நம் பிள்ளைகள் பிறரைக் காட்டிலும் இருமடங்கு உழைத்தால்தான் முன்னேற முடியும். நீங்கள் சோம்பலையன்றோ போதிக்கின்றீர்கள்?" என்று கேட்பர். இது நேர்மையான கேள்வி. விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் பல்லாண்டுகள் பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் உழைத்தோம். நூற்பு இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒருங்கே சுழலும். இழுப்பு மிகுந்தால் இழை அறும். தளர்ந்தால் நூல் முறுக்கிக்கொள்ளும். இழுப்புச் சரியாக இருந்தாலும், பஞ்சின் தன்மையாலோ காற்றின் வறட்சியாலோ ஏதேனும் ஓர் இழை அறுந்துகொண்டேயிருக்கும். இழையே அறாத இயந்திரத்தை நாம் கண்டதில்லை. நல்ல தொழிலாளி என்று பெயர் பெற்றவர், அறுந்ததை விரைவில் கண்டு, பதறாமல் முனையைப் பிடித்து ஒட்டிவிட்டு, அடுத்த கதிருக்கு நகர்பவரே. அறுந்த ஓர் இழையின்முன் நின்று வருந்திக்கொண்டிருப்பவருக்குப் பின்னால் பத்து இழைகள் அறுந்துவிடும். அவர் உழைக்காதவர் அல்லர். உழைப்பைப் பயனற்ற இடத்தில் செலவிடுபவர். சோணர் என்னும் பிக்கு கால் வெடித்துக் குருதி பெருக நடந்து பயிற்சி செய்தபோது, வீணையின் நரம்பு மிக முறுக்கினாலும் இசை தராது, மிகத் தளர்ந்தாலும் இசை தராது என்று பகவான் அவருக்கு உணர்த்தியதும் இதனையே. பகவான் சோணரின் முயற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் அளவைச் சீர்ப்படுத்தினார்.

ஆகவே, விடவேண்டியது உழைப்பன்று. உழைப்புக்கும் குறையின்மை வேட்கைக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் எளிது. உழைப்பு செய்யும் செயலைப் பார்க்கின்றது. வேட்கை பார்ப்பவர் கண்ணைப் பார்க்கின்றது. உழைப்புக்கு முடிவு உண்டு. பாடம் விளங்கியதும் குறிப்பேட்டை மூடலாம். வேட்கைக்கு முடிவில்லை. பகவான் தம் மகன் இராகுலனுக்கு, எச்செயலையும் செய்யுமுன்பும் செய்யும்போதும் செய்த பின்பும், இது தனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ துன்பம் விளைப்பதா என்று கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் பார்க்குமாறு அறிவுறுத்தினார். குறிப்பேட்டின் பக்கத்தைக் கிழிக்கக் கை எழும்போது அக்கண்ணாடியைத் தாய் எடுத்துப் பார்க்கட்டும். இரவு பத்து மணிக்கு இக்குழந்தை மீண்டும் எழுதினால் அதற்கு எழுத்து வருமா, எழுத்தின்மேல் வெறுப்பு வருமா? இதனால் தணிவது குழந்தையின் அறியாமையா, என் அச்சமா? விடை அவள் உள்ளத்திலேயே கிடைக்கும்.

தந்தைமார்களுக்கும் ஒரு சொல். குறையற்ற தாய் வேண்டும் என்று கேட்கும் உலகம், குறையற்ற தந்தை வேண்டும் என்று கேட்பதில்லை. காலணிக்கு மை பூசுவதும், பையில் புத்தகங்களைச் சரிபார்ப்பதும், குழந்தை படிப்பதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்பதும் பெண்ணுக்கே விதிக்கப்பட்ட வேலைகள் என்று எந்தத் தன்மமும் கூறவில்லை. சுமையை இருவர் தூக்கினால், "ஒன்றையும் தவறவிடலாகாது" என்னும் நடுக்கம் தானே குறையும். மனைவியின் கவலையைக் கண்டு, "ஏன் இப்படி அலட்டிக்கொள்கின்றாய்?" என்று கேட்பதைவிட, எழுந்து ஒரு வேலையைச் செய்வதே உண்மையான ஆறுதல்.

பள்ளிகள் கேட்கும் யாவும் சட்டம் கேட்பவையல்ல என்பதையும் தாய்மார்கள் அறிந்திருத்தல் நன்று. 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்துத் தரம் பிரிப்பதைத் தடுக்கின்றது. குழந்தையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் அச்சட்டம் தடை செய்கின்றது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது என்றும், பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்றும் கூறுகின்றது. எந்த வீட்டுப்பாடத்திற்காகத் தாயும் மகளும் இரவில் அழுகின்றார்களோ, அது கொடுக்கப்படவே வேண்டியதில்லை என்பது நாட்டின் கொள்கை. இதனைத் தனித்தனியே பள்ளியில் கேட்க அஞ்சுவோர், நான்கு தாய்மார்களாகச் சேர்ந்து சென்று பணிவோடு கேட்கலாம். பிறர் நம் குழந்தையைப் பிறப்புக் காரணமாக இழிவாக நடத்தினால், சட்டையை மேலும் வெளுப்பது அதற்கு மருந்தாகாது; ஒன்றுகூடி எதிர்த்துக் கேட்பதே மருந்து.

எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்று முடிவாகக் கூறுவோம். வயிறு நிறைய உணவு, போதிய உறக்கம், நோய் வராத அளவுக்குத் தூய்மை, நேரம் தவறாமை, நாள்தோறும் கால்மணி நேரமேனும் குழந்தை கூறுவதைக் காது கொடுத்துக் கேட்டல் ஆகிய இவற்றைக் கைவிடலாகாது. பக்கத்தைக் கிழித்தல், குழந்தையின் கைவேலையைத் தாய் செய்து கொடுத்தல், பிறர் வீட்டு உணவுப் பெட்டியோடு நம் பெட்டியை ஒப்பிடுதல், தவறிய ஒன்றுக்காக இரவெல்லாம் தன்னைத் தானே ஏசுதல் ஆகிய இவற்றை விட்டுவிடலாம். பையைக் குழந்தையே அடுக்கட்டும். ஒரு நாள் ஒரு புத்தகத்தை மறக்கும். மறுநாள் நினைவு வைக்கும். பௌர்ணமி நாளில் விகாரையில் கூடும்போது, தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் வெற்றிகளை மட்டும் பேசாமல், அவ்வாரத்தில் எது தவறியது என்பதையும் ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளட்டும். எல்லா வீட்டிலும் இழை அறுகின்றது என்று தெரிந்தால் பாதிக் கவலை தீரும்.

எல்லா உயிர்களிடத்தும் காட்டவேண்டிய அன்புக்கு ஓர் அளவு கூறவேண்டி வந்தபோது, பகவான் தன் ஒரே மகவைக் காக்கும் தாயின் அன்பையே எடுத்துக்காட்டினார். அத்தாய் ஒரு குறையும் அற்றவளாக இருக்கவேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. களைத்த கையோடும் கசங்கிய சேலையோடும் இரவு ரயிலில் வந்திறங்கும் தாயின் அன்பும் அவ்வளவுகோலில் சிறிதும் குறைந்ததன்று. ஆகவே சகோதரிகளே, இன்று இரவு வீடு திரும்பியதும் குறிப்பேட்டைத் திறக்குமுன் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அது கூறி முடிக்கும்வரை குறிப்பேடு காத்திருக்கட்டும்.